சிங்கப்பூரில் சின்ன ஹோட்டல்... சிக்கனமாகத் தங்க 45 குறிப்புகள்!

சிங்கப்பூருக்கு டிக்கெட் சல்லிசாகக் கிடைத்துவிட்டது என்றதும் அடுத்து வயிற்றைக் கலக்குவது ஹோட்டல் வாடகைதான். கவலை வேண்டாம் தோழிகளே! தேக்கா என்று அங்குள்ள தமிழர்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவிலும் அதைச் சுற்றியும் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற சின்ன ஹோட்டல்கள் நிறையவே இருக்கின்றன. அறை சிறிதாக இருக்கட்டும். இடம் சரியாக அமைந்துவிட்டால் டாக்ஸி, சாப்பாடு, அலைச்சல் மூன்றிலும் மிச்சம் பிடிக்கலாம்.

புக் செய்யும் முன்

1. வாடகையை மட்டும் பார்த்து அறையை முடிவு செய்யாதீர்கள். அதோடு தினசரி போக்குவரத்து, காலை டிபன் செலவையும் சேர்த்து, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஊர்க்கோடியில் 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே இப்படித்தான் சொல்வார்கள்) குறைவாகக் கிடைக்கும் அறை, நாலு பேர் ரயில் டிக்கெட்டைச் சேர்த்ததும் லாபமில்லை என்று தெரிந்துவிடும்.

2. விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் உஷார். 10 சதவீத சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேரும் என்று அர்த்தம். 100 வெள்ளி என்று போட்டிருக்கும் அறைக்குக் கடைசியில் 119 வெள்ளி 90 காசு கட்ட வேண்டியிருக்கும்.

3. 'அறையில் ஜன்னல் உண்டா?' என்று கட்டாயம் பாருங்கள். அங்கே மலிவான அறைகளில் பல ஜன்னலே இல்லாதவை. ஓரிரு இரவு தூங்கி எழ அது போதும். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் நாலைந்து நாள் தங்குவதாக இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து ஜன்னல் உள்ள அறையே எடுங்கள்.

4. தேக்கா பக்கத்துச் சின்ன ஹோட்டல்கள் பல, கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டியவை. எல்லாவற்றிலும் லிஃப்ட் இருக்காது, மாடிப்படியும் செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் உடன் வந்தால் முதல் மாடிக்குள் அறை வேண்டும் என்று புக் செய்யும்போதே எழுதிக் கேளுங்கள்.

5. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், ரோச்சோர், ஜாலான் புசார் ஆகிய எம்ஆர்டி ரயில் நிலையங்களில் ஏதாவது ஒன்றிலிருந்து ஐந்து, பத்து நிமிட நடையில் ஹோட்டல் இருக்கிறதா என்று மேப்பில் பாருங்கள். அந்த வெயிலிலும் புழுக்கத்திலும் கால்மணி நேர நடை அரைமணி நேரமாகத் தெரியும். பெட்டியோடு என்றால் சொல்லவே வேண்டாம்.

6. கேலாங் வட்டாரத்தில் வாடகை குறைவாகவும் சாப்பாடு அருமையாகவும் இருக்கும். ஆனால் அங்கே சில சந்துகள் சிவப்பு விளக்குப் பகுதி. குடும்பத்தோடு போகிறவர்கள் ஹோட்டல் எந்தச் சந்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

7. 'வீட்டிலேயே ஒரு அறை தருகிறோம், தினசரி வாடகை' என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். சிங்கப்பூரில் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற ஹோட்டலோ ஹாஸ்டலோதான் நிம்மதி.

8. எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் அறை மலிவு, தினமும் வந்து போகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். இரண்டு பக்கக் குடிநுழைவு வரிசையிலும் நின்று நின்றே பாதி நாள் போய்விடும், தனி விசாவும் தேவைப்படலாம். மிச்சம் பிடித்த பணத்தை நேரத்தில் தொலைக்க வேண்டாம்.

9. நள்ளிரவுக்கு மேல் தரையிறங்கும் விமானம் என்றால் தேதியில் கவனம் தேவை. 10-ஆம் தேதி அதிகாலை ஒரு மணிக்கு இறங்குகிறவர்கள் 9-ஆம் தேதி இரவுக்குத்தான் அறை போட வேண்டும். இதில் தவறினால் விடிய விடிய ஹோட்டல் வாசலில்தான்.

10. விசா கைக்கு வரும்வரை 'இலவசமாக ரத்து செய்யலாம்' என்ற அறையையே பிடித்து வையுங்கள். விசா வந்ததும் ஒருமுறை விலையைப் பாருங்கள். அதே அறை குறைந்திருந்தால் புதிதாக புக் செய்துவிட்டுப் பழையதை ரத்து செய்யலாம்.

11. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும் ஃபார்முலா ஒன் கார் பந்தய வாரத்தில் ஹோட்டல் வாடகை எகிறிவிடும். அந்த ஒரு வாரத்தைத் தள்ளிப் போட்டாலே நல்ல தொகை மிச்சமாகும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தேக்காவின் சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு அலங்காரம் ஜொலிக்கும் என்பதால், தேதி உங்கள் கையில் இருந்தால் அந்தச் சமயத்தைப் பாருங்கள்.

12. 'டபுள்' என்றால் ஒரே பெரிய கட்டில், 'ட்வின்' என்றால் தனித்தனியாக இரண்டு கட்டில். அம்மாவும் மகனும் போவதாக இருந்தால் ட்வின் கேளுங்கள். இரண்டு பேர் அறையில் மூன்றாவது ஆளைச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாது. குழந்தை உட்பட எல்லோரையும் புக்கிங்கில் சேர்த்துவிடுங்கள்.

13. ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்பதைவிடக் கடைசி இரண்டு மாதத்தில் தங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படியுங்கள். ஏசி, பாத்ரூம் வாடை, மூட்டைப்பூச்சி, இரவுச் சத்தம் ஆகிய நான்கைப் பற்றி மட்டும் தேடினால் போதும். ஒரே குறையை மூன்று பேர் சொல்லியிருந்தால் அடுத்த ஹோட்டலுக்குப் போய்விடுங்கள்.

14. தேக்காவில் தங்கினால் காலை டிபன் சேர்க்காத அறையே லாபம். வாசலில் இறங்கினால் இட்லி, தோசை, பரோட்டா எல்லாம் சூடாகக் கிடைக்கும். 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் உணவகமும் அந்தச் சிராங்கூன் சாலையில்தான்.

பெட்டி கட்டும்போது

15. அங்கே பிளக் பாயின்ட் மூன்று சதுரக் கால் உள்ளது, நம் பிளக் நுழையாது. ஆளுக்கொரு அடாப்டர் வாங்காமல் ஒரே ஒரு நல்ல அடாப்டரும் வீட்டிலிருக்கும் சின்ன ஸ்பைக் பஸ்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். மின்அழுத்தம் நம்முடையதுபோலவே 230 வோல்ட் என்பதால் எல்லார் போனும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஆகும்.

16. வருடம் முழுக்க வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊர் அது. ஜீன்ஸைக் குறைத்து, சீக்கிரம் காயும் மெல்லிய துணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மடக்குக் குடையும், மால்களிலும் ரயிலிலும் அடிக்கும் ஏசிக் குளிருக்கு ஒரு மெல்லிய சால்வையும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

17. பெரும்பாலான அறைகளில் கெட்டில் இருக்கும். வெந்நீர் ஊற்றினாலே தயாராகும் உப்புமா மிக்ஸ், அவல் மிக்ஸ், சத்துமாவு கொஞ்சம் எடுத்துப்போனால் அகாலப் பசிக்கு உதவும். கெட்டிலில் பால் காய்ச்சவோ நூடுல்ஸ் வேகவைக்கவோ வேண்டாம். பாழானால் உங்கள் தலையில் விழும்.

18. சூயிங்கம், மெல்லும் புகையிலை, இ-சிகரெட் எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. கசகசாவுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு என்பதால், அதைச் சேர்த்து அரைத்த மசாலாப் பொடியையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கிளம்பும் முன் பிள்ளைகளின் பைகளையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள்.

19. மாத்திரைகளை டப்பாவில் கொட்டி எடுத்துப்போகாமல் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்ற சிலவற்றுக்கு அந்நாட்டு சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அந்த ஆணையத்தின் இணையதளத்தில் மருந்தின் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

20. எல்லா ஹோட்டல் டாய்லெட்டிலும் தண்ணீர்க் குழாய் இருக்கும் என்று நம்பாதீர்கள். லேசான ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டி மூலையில் வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நிம்மதி. மறந்துவிட்டால் காலித் தண்ணீர் பாட்டிலே கைகொடுக்கும்.

21. போகும்போது பெட்டியில் ஐந்து கிலோவாவது காலியாக விடுங்கள், தேக்காவின் பெரிய முஸ்தபா கடையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. லக்கேஜ் தராசு இல்லையா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை வீட்டு எடை மிஷினில் ஏறி இறங்குங்கள். வித்தியாசம்தான் பெட்டியின் எடை.

22. போய் இறங்கும் நாளையும் சேர்த்து, அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அரசாங்க இணையதளத்தில் இது முழுக்க இலவசம், காசு கேட்கும் தளம் எதுவும் அரசாங்கத்துடையது இல்லை. நிரப்பும்போது ஹோட்டல் முகவரி கேட்கும் என்பதால் புக்கிங் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போய் இறங்கியதும்

23. நம் ஊர் இரவு விமானங்கள் பல விடியற்காலையில் இறங்கும். அறையோ மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை ஹோட்டல் வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு டிபனுக்குக் கிளம்பிவிடுங்கள். மாற்றுத் துணி ஒரு செட், பல்துலக்கும் சாமான் மட்டும் கைப்பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே ஃப்ரெஷ் ஆகிவிடலாம்.

24. சாங்கி விமான நிலையத்தில் ரயில் ஏறி, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி நீல நிற டவுன்டவுன் லைனுக்கு மாறுங்கள். அது லிட்டில் இந்தியாவுக்கும் போகும், ஆனால் ஊரைச் சுற்றி வளைத்து மெரினா பே வழியாகப் போய்ச் சேரும். உங்கள் ஹோட்டல் தேக்காவின் கிழக்குப் பக்கம் இருந்தால் அதற்கு வெகு முன்பே வரும் ஜாலான் புசாரில் இறங்கி நடந்துவிடுங்கள்.

25. பஸ், ரயில் இரண்டுக்கும் ஒரே அட்டை போதும், ஆனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். பஸ்ஸில் இறங்கும்போதும் மறக்காமல் அட்டையைத் தட்டுங்கள், தட்டாவிட்டால் கடைசி ஸ்டாப் வரைக்கும் காசு பிடித்துவிடும். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு, பெரியவரோடு போனால் டிக்கெட் வேண்டாம்.

26. சில ஹோட்டல்கள் அறை கொடுக்கும்போது முன்பணம் கேட்கும், அல்லது கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும். திரும்ப வர நாளாகும் என்பதால் செலவுக்கு வைத்திருக்கும் கார்டைக் கொடுக்காதீர்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

27. விமான நிலையத்தில் முதல் நாள் செலவுக்கு மட்டும் பணம் மாற்றுங்கள். மீதியைத் தேக்காவிலும் முஸ்தபாவிலும் இருக்கும் பணமாற்றுக் கடைகளில் இரண்டு மூன்று பலகைகளைப் பார்த்து மாற்றினால் நல்ல விலை கிடைக்கும். எண்ணி வாங்கிய பிறகு கவுன்டரை விட்டு நகருங்கள்.

அறைக்குள் நுழைந்ததும்

28. பெட்டியைக் கட்டில் மேல் வைக்கும் முன் விரிப்பைத் தூக்கி, மெத்தையின் நாலு மூலைத் தையலிலும் போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கருப்புப் புள்ளி தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருக்கலாம். உடனே வேறு அறை கேளுங்கள்.

29. ஏசி, வெந்நீர், ஃப்ளஷ், கதவுத் தாழ்ப்பாள், வைஃபை ஆகிய ஐந்தையும் முதல் பத்து நிமிடத்தில் சோதித்துவிடுங்கள். ஹீட்டர் சுவிட்ச் பெரும்பாலும் பாத்ரூமுக்கு வெளியே இருக்கும், தேடிப் பாருங்கள். ஏற்கெனவே உடைந்தோ கீறியோ இருப்பதைப் போட்டோ எடுத்து வைத்தால் காலி செய்யும்போது வம்பில்லை.

30. ஹோட்டல் லாண்டரியில் துணிக்குத் துணி காசு. உள்ளாடை, குழந்தைத் துணிகளை இரவே அலசி, காய்ந்த டவலில் சுருட்டி இரண்டு பேர் சேர்ந்து முறுக்குங்கள்; பாதி ஈரம் டவலுக்குப் போய்விடும். பாத்ரூமில் போடாமல் ஏசிக் காற்று படும் இடத்தில் ஹேங்கரில் மாட்டினால் காலைக்குள் காய்ந்துவிடும்.

31. ஜன்னலில்லா அறையில் ஈர வாடை வந்தால் ஏசியை 'டிரை' மோடில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். பாத்ரூம் கதவைச் சாத்தியே வைத்து, அங்குள்ள எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு விடுங்கள். ஈரக்குடையையும் நனைந்த செருப்பையும் பாத்ரூமிலேயே விட்டுவிடுங்கள்.

32. குடிக்கத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே அப்படியே குடிக்கலாம். வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாட்டில் கொண்டுபோய்க் காலையில் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு இதிலேயே ஒரு வேளை டிபன் காசு மிஞ்சும்.

33. அறையில் ஊதுபத்தி, சூடம், விளக்கு எதுவும் ஏற்ற வேண்டாம். புகை பட்டதும் அலாரம் அடித்துவிடும், அபராதமும் வரலாம். சாமி கும்பிட வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் சிராங்கூன் சாலையிலேயே இருக்கின்றன.

34. ஜன்னல் இல்லாவிட்டால் விடிந்ததே தெரியாது, அலாரம் வைத்துக்கொண்டு படுங்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும். ஆனால் சூரியன் உதிக்கக் காலை ஏழு மணி ஆகும் என்பதால், நம் பழக்கத்தில் ஐந்து மணிக்கு எழுந்து எல்லோரையும் எழுப்ப வேண்டாம்.

சாப்பாடும் சுற்றலும்

35. தேக்கா சென்டர் மாதிரியான உணவங்காடிகளில் சாப்பிட்டால் செலவு நன்றாகக் குறையும். மேஜையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது. நீங்களும் அப்படியே இடம் பிடிக்கலாம். சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வைக்கும் இடத்தில் வையுங்கள், 2021 முதல் இது கட்டாயம்.

36. 'தே' என்று கேட்டால் கெட்டிப்பால் ஊற்றித் தித்திப்பாக வரும். பால் வேண்டாதவர்கள் 'தே ஓ', சர்க்கரையும் வேண்டாதவர்கள் 'தே ஓ கோசோங்' என்று கேளுங்கள். காபிக்கும் இதே கணக்குதான், 'தே'க்குப் பதில் 'கோப்பி'.

37. சைவக்காரர்கள் காயா டோஸ்ட் வாங்கும் முன் கவனியுங்கள், அந்தக் காயா தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிளறியது. சீன, மலாய்க் கடைகளில் காய்கறிப் பொரியலில்கூட இறால் விழுதோ சிப்பிச் சாறோ சேரலாம். கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

38. காசு கொடுக்காமல் பார்க்க அங்கே நிறைய உண்டு. டவுன்டவுன் லைனில் லிட்டில் இந்தியாவிலிருந்து ஒரு பக்கம் போனால் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள தாவரவியல் பூங்கா, மறுபக்கம் பேஃப்ரண்ட். பேஃப்ரண்டில் இறங்கினால் கார்டன்ஸ் பை தி பேயின் செயற்கை மரங்களில் மாலையில் நடக்கும் ஒளி, ஒலிக் காட்சி இலவசம்.

39. செந்தோசா தீவுக்குக் கேபிள் காரில்தான் போக வேண்டும் என்பதில்லை. லிட்டில் இந்தியாவில் ஊதா நிற லைனில் ஏறினால் நேராக ஹார்பர்ஃபிரண்ட். அங்கிருந்து நடைபாலத்தில் நடந்தே போய்விடலாம். தீவுக்குள் ஓடும் பஸ்ஸும் கடற்கரை டிராமும் இலவசம்.

40. மழை பிடித்துக்கொண்டால் பழைய கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைவழியில் ஏறிவிடுங்கள். 1822-இல், நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் போட்டபோதே கடைகளுக்கு முன் இப்படி வழி விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். தேக்காவில் அதன் வழியாகவே ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு பாதி தூரம் நனையாமல் போகலாம்.

41. ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் கூட்டம் அலைமோதும். வாரம் முழுக்க உழைத்த நம் ஊர், பங்களாதேஷ் தொழிலாளிகள் ஊருக்குப் பணம் அனுப்பவும் சிநேகிதர்களைப் பார்க்கவும் வரும் நாள் அது. பெட்டியோடு வந்து இறங்குகிறவர்கள் அன்று மதியத்துக்குள் வந்துவிடுங்கள், முஸ்தபா ஷாப்பிங்கை வாரநாளுக்கு வையுங்கள்.

42. எம்ஆர்டிக்குள் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, ஒரு வாய்த் தண்ணீர்கூட. அபராதம் 500 வெள்ளி வரை போகலாம். ஆசையாக வாங்கிய டுரியான் பழத்துக்கும் ரயிலில் இடமில்லை, ஹோட்டலிலும் இடமில்லை. கடை வாசலிலேயே ருசித்துவிடுங்கள்.

ஊர் திரும்பும் நாளில்

43. ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும். பில் போடும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். வாங்கிய பொருள் பெரிய பெட்டியில் போவதாக இருந்தால், பெட்டியை விமான கவுன்டரில் போடுவதற்கு முன்பே அதற்கான மிஷினில் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டல் பில்லுக்கு இந்தச் சலுகை கிடையாது.

44. இரவு விமானத்துக்காக இன்னொரு நாள் வாடகை கட்ட வேண்டாம். பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்து பெட்டியை வரவேற்பில் விட்டுவிட்டு, கடைசிச் சுற்றலை முடித்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள். போக வேண்டிய நேரத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே விமான நிலையம் போனால், அங்குள்ள ஜுவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியையும் காசில்லாமல் பார்த்துவிடலாம்.

45. வீடு வந்ததும் பஸ், ரயில் அட்டையையும் அடாப்டரையும் தூக்கிப் போடாதீர்கள், அட்டை சில வருடங்களுக்குச் செல்லும். தங்கிய ஹோட்டல், நல்ல அறை எந்தப் பக்கம், ஒரு நாள் செலவு எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு வையுங்கள். அடுத்துக் கிளம்பும் தங்கைக்கோ நாத்தனாருக்கோ அப்படியே எடுத்துக் கொடுத்தால் அவர்களுக்கும் முதல் நாளிலிருந்தே சிக்கனம்தான்!